மச்சமும் மரண பயமும்

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களின் மச்சங்களில் இரண்டேனும் அரசு ஆவணத்தில் ஏறியிருக்கும். மாற்றுச் சான்றிதழில் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று ஒரு வரி உண்டு. பத்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் வகுப்பாசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார். சட்டைக் காலரை விலக்கு, முழங்கையைத் திருப்பு என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு மச்சம் தேடி எழுதிக்கொள்வார். கிடைக்காதவனுக்கு ஒரு தழும்பு. 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதி முடித்த பிறகு அந்தப் புள்ளியைப் பற்றி வாழ்நாளில் இன்னொரு முறை நினைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலானோருக்கு வந்ததே இல்லை.

நினைத்தாலும் நல்ல விதமாகத்தான் நினைத்தார்கள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்குப் பக்கத்தில் மச்ச பலன் இருக்கும். நெற்றியில் இருந்தால் இது, தொடையில் இருந்தால் அது, ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையிலேயே உடற்குறிகளை வைத்துப் பலன் சொல்லும் அத்தியாயங்கள் உண்டு. எதிர்பாராமல் பதவி உயர்வு வந்தவனைப் பார்த்து 'உனக்கு எங்கேயோ மச்சம்டா' என்று சொல்லாத அலுவலகம் கிடையாது. ஆக, தோலில் எதிர்காலம் எழுதியிருக்கிறது என்பது நம்மிடம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழைய நம்பிக்கை. இன்றைக்கும் மச்சத்தைப் பார்த்து எதிர்காலத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பலன்தான் மாறிவிட்டது. யோகம் இருந்த இடத்தில் புற்றுநோய்.

பெங்களூரு ஜீவனஹள்ளியை எடுத்துக்கொள்ளலாம். காக்ஸ் டவுனை ஒட்டிய பகுதி, ஃபிரேசர் டவுனும் கிழக்கு ரயில் நிலையமும் வெகுதூரமில்லை. கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வாழ்கிற வட்டாரம் இது. காய்கறிக் கடையில் கன்னடத்தில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, உருதுவில் சலித்துக்கொள்ளலாம். கோயில், தேவாலயம், மசூதி எல்லாம் கூப்பிடு தூரத்தில். இங்கே வாடகை வீட்டில் இருக்கும் முப்பத்தைந்து வயது மென்பொருள்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு பதினொன்றரை. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியின் டார்ச்சைப் போட்டு, தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் புள்ளியைப் படமெடுக்கிறார். போன மாதம் எடுத்த படத்தோடு ஒப்பிடுகிறார். வெளிச்சம் வேறு, கோணம் வேறு, ஆகவே புள்ளியும் வேறாகத் தெரிகிறது. மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து மனைவியை எழுப்பி அளக்கச் சொல்கிறார். ஐந்தரை மில்லிமீட்டரா, ஆறா? மனைவிக்குத் தூக்கம். ஆறு என்று சொல்லிவிடுகிறார். அன்றைய இரவு முடிந்தது.

ஆறு என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயைச் சாதாரண மச்சத்திலிருந்து பிரித்தறிய ஏ, பி, சி, டி என்று நான்கு அடையாளங்கள் வகுத்தார்கள். இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு. 2004இல் இ சேர்ந்தது, அதாவது காலப்போக்கில் மாறுவது. நல்ல விதிதான். பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது வெள்ளைத் தோலை முன்னால் உட்கார வைத்து எழுதிய விதி என்பதை ஜீவனஹள்ளியில் இருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் மெலனோமா வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. நம் தோலில் இருக்கும் கருமையே பெரிய குடை.

குடைக்குக் கீழே வராதது ஒன்று உண்டு. கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா வரும்போது முதுகிலோ கன்னத்திலோ வருவதைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருவதே மிகுதி. இந்த வகைக்கு வெயிலோடு பெரிய தொடர்பு இல்லை. இந்தியாவின் தோல் புற்றுநோய்க் கதையே பெரும்பாலும் மச்சத்துக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. காஷ்மீரிகள் குளிருக்குப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற நெருப்புச் சட்டி, தொடையையும் வயிற்றையும் ஆண்டுக்கணக்கில் சுட்டுச் சுட்டுக் கடைசியில் புண்ணாகிப் புற்றாவதை 1866இல் மிஷனரி மருத்துவர் எல்ம்ஸ்லி எழுதிவைத்தார். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டிய தடத்தில் வரும் புற்றை 1945இல் பம்பாயில் கானோல்கரும் சூர்யபாயும் பதிவு செய்தார்கள். சேலை, பாவாடை நாடா இறுகுமிடத்திலும் அது வரும். ஒரே இடம், ஓயாத உரசல், ஆறாத புண். கண்ணாடி முன் நின்று தேடுகிறவர் கண்ணில் இதெல்லாம் படவே படாது.

புள்ளிவிவரம் சொன்னால் பயம் போய்விடுமா? போகாது. இந்தப் பிரச்சினை தத்துவத்தின் வாசலுக்கு வருவது இங்கேதான்.

'லட்சத்தில் ஒருவர்கூட இல்லை' என்றால், 'அந்த ஒருவர் நானாக இருந்தால்?' என்கிறது மனம். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு 'சாதாரண மச்சம்தான் சார், போய் வேலையைப் பாருங்க' என்கிறார். அன்று மாலை பிரியாணி ருசிக்கிறது. ஒரு வாரம் நிம்மதி. பிறகு 'டாக்டர் அவசரத்தில் பார்த்தாரோ, வெளியில் இருபது பேர் காத்திருந்தார்களே' என்று ஆரம்பிக்கும். இன்னொரு மருத்துவர். இன்னொரு வாரம். 1986இல் சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இந்தச் சுழலை விவரித்து எழுதினார்கள். ஆறுதல் கேட்பது அந்த நேரத்துக்குப் பதற்றத்தைத் தணிக்கிறது, அப்படித் தணிப்பதாலேயே மறுபடி கேட்கத் தூண்டுகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் 'ஹைப்போகாண்ட்ரியாசிஸ்' என்ற பழைய பெயரையே நீக்கிவிட்டு, நோய்ப் பதற்றக் கோளாறு என்று புதிதாக ஒன்றை வைத்தது. பழைய பெயர் வசவாகிவிட்டது என்பதும் ஒரு காரணம். 'இவனுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா நடிக்கிறான்' என்று வீட்டிலும் கிளினிக்கிலும் சொல்லிச் சொல்லி அது அப்படி ஆனது.

ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது நியாயமும் இல்லை. இந்த நோய் உறுதி செய்யப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் பேரை ஸ்வீடனில் பின்தொடர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 5 ஆண்டு முன்னதாக இறந்தது தெரிந்தது. தற்கொலை அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. புற்றுநோய்ச் சாவில் மட்டும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எதற்குப் பயந்தார்களோ அது அவர்களைத் தனியாகத் தேடி வரவில்லை, பயம் வந்தது.

பெங்களூரு ஓசூர் சாலையில் கித்வாய் புற்றுநோய் நிறுவனமும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முன்னது 1973, பின்னது இன்றைய உருவில் 1974. ஒரு வளாகத்தில் கட்டி இருப்பவர்கள், அடுத்த வளாகத்தில் கட்டி இருக்குமோ என்று தூக்கம் தொலைத்தவர்கள். ஜீவனஹள்ளியிலிருந்து ஆட்டோ பிடிப்பவர் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வதே பாதி வைத்தியம். (ஆட்டோவுக்குக் காசு இல்லையென்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண், தமிழிலும் பேசலாம்.)

மதங்கள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன என்று பார்த்தால், பல நேரம் அவையும் இன்னொரு கிளினிக்தான். மரு உதிர்வதற்கு அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுகிறோம். உடலுறுப்பு உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் சேர்க்கிறோம். வேளாங்கண்ணியிலும் இதே வெள்ளித் தகடுகள்தாம். இதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. சொல்லி அழ ஓரிடம் வேண்டும், அங்கே ஒரு பிடி உப்போடு போவதில் கௌரவக் குறைவு கிடையாது. ஆனால் பரிகாரம் என்பது உத்தரவாதம் வாங்குகிற வேலையாக மாறும்போது, அது மருத்துவரிடம் பத்தாவது முறை கேட்பதற்குச் சமம். சனிப்பெயர்ச்சிக்கு ஒன்று, குருப்பெயர்ச்சிக்கு ஒன்று, திருப்தி இல்லையென்றால் வேறு ஜோசியர். சுழல் அதேதான், கட்டணம் மட்டும் வேறு கவுன்டரில்.

பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் கடவுளை நம்புவது லாபமா என்று ஒரு பந்தயக் கணக்குப் போட்டார். அவர் இறந்த பின் 1670இல் அது அச்சாயிற்று. கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும் கிடைக்கப்போவது முடிவற்றது, ஆகவே நம்புவதே புத்திசாலித்தனம் என்பது அவர் வாதம். நோய்ப் பயம் கொண்டவர் போடுவது இதே கணக்கைத் தலைகீழாக. வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும் இழக்கப்போவது உயிர், ஆகவே இன்னொரு முறை பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம். தர்க்கத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம். உடம்பில் இருக்கும் இருபது முப்பது மச்சங்களும் தனித்தனிப் பந்தயங்கள், நாளைக்குப் புதிதாக ஒன்று முளைக்கும் என்பதுதான் சங்கடம். அறிவாளிகளே இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்று தோன்றுவதற்குக் காரணம் இந்தத் தர்க்கத்தின் மிடுக்காக இருக்கலாம்.

உடம்பை உற்றுப் பார்ப்பதே தவறு என்று எந்த மரபும் சொன்னதில்லை. பௌத்தத்தில் புதிதாகச் சீவர ஆடை அணிகிறவனுக்கு முதலில் சொல்லித்தரும் தியானப் பொருள்கள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். பெங்களூரு காந்திநகரில் ஆசாரிய புத்தரக்கித தேரர் 1956இல் நிறுவிய மகாபோதி சங்கத்தின் மரபிலும் இதுதான் பாடம். பிக்கு தோலைப் பார்க்கிறார், ஜீவனஹள்ளிக்காரரும் தோலைப் பார்க்கிறார். முதலாமவர் அது தன்னுடையது அல்ல என்று பழகுவதற்குப் பார்க்கிறார். இரண்டாமவர் அது மாறவே கூடாது என்று பார்க்கிறார். மாறாத தோல் என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது, அதனால் இரண்டாமவருக்குத் தோல்வி நிச்சயம். நம் பக்கத்திலும் சண்டை உண்டு. உடம்பை ஊத்தைச் சடலம் என்று திட்டித் தீர்க்கும் பட்டினத்தார் ஒருபுறம், உள்ளே இறைவன் குடியிருக்கிறான் என்று கண்ட பிறகு உடம்பைப் பேணத் தொடங்கிய திருமூலர் மறுபுறம். வள்ளுவர் நிலையாமைக்கு ஒரு அதிகாரம் எழுதிவிட்டு, மருந்துக்கும் ஒரு அதிகாரம் எழுதினார். இரண்டையும் ஒரே ஆள் எழுதியது தற்செயல் என்று நினைக்க முடியவில்லை.

தமிழ் மண்ணில் மரண பயத்துக்கும் தோலடிக் கட்டிக்கும் இடையே ஐம்பது வருஷ வாழ்க்கையை வைத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. 1896 ஜூலை, மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு, சிறிய தந்தையார் வீட்டு மாடி அறை. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. திடீரென்று 'சாகப் போகிறேன்' என்ற பயம் கவ்வுகிறது. இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் அந்த முதல் சில நிமிஷங்களை மட்டும் கேட்டால் என்ன பெயர் வைப்பார் என்று ஊகிப்பது சிரமமில்லை. பின்னாளில் ரமணர் ஆன அந்தப் பையனுக்கு வந்தது பதற்ற நோய் என்று நிறுவக் கிளம்புவது அபத்தம். ஆனால் தொடக்கம் அங்கேதான், உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத ஒருவனுக்குச் சாவு பயம் வருவதில்.

அடுத்து அவன் செய்ததுதான் விசேஷம். மருத்துவரைக் கூப்பிட வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. 1931இல் பி.வி. நரசிம்ம சுவாமி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது தெளிவாக இருக்கிறது. கீழே இறங்கிப் போய்ச் சித்தியிடம் 'எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று கேட்டிருந்தால், 'ஆகாதுடா கண்ணா' என்ற பதில் கிடைத்திருக்கும். பையன் நிம்மதியாக இங்கிலீஷ் பாடம் படிக்கப் போயிருப்பான். அவன் கேட்கவில்லை. தரையில் நீட்டிப் படுத்து, கைகால்களை விறைப்பாக்கி, மூச்சையும் வாயையும் அடக்கி, பிணமாகவே நடித்துப் பார்த்தான். இதோ உடம்பு செத்தாயிற்று, தூக்கிப்போய் எரிக்கப் போகிறார்கள், சரி, இதோடு நானும் முடிந்தேனா? நான்கு வருஷத்துக்கு முன் அப்பாவின் சடலத்தைப் பார்த்தவன் என்பதால் காட்சி புதிதல்ல. ஆறுதல் கேட்பதை நிறுத்து, பயப்படுவதை மனத்தில் முழுசாக நடத்திப் பார் என்று இன்றைய சிகிச்சையாளர்கள் வாரக்கணக்கில் பழக்கித் தருகிறார்கள். அந்தப் பையன் ஒரே உட்காரலில் அதைச் செய்தான். செய்து, சிகிச்சை போகாத இடத்துக்கும் போனான். ஆறு வாரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை சேர்ந்தான்.

பிறகு கட்டி வருகிறது. 1949 தொடக்கத்தில் ரமணரின் இடது கையில் சின்ன உருண்டை. பிப்ரவரியில் அறுத்தெடுத்தார்கள். மறுபடி முளைத்தது. மார்ச்சில் மறுபடி அறுத்துத் திசுவைச் சோதித்தபோது சார்கோமா என்று தெரிந்தது. அது தோல் புற்று வகை அல்ல, தோலுக்கு அடியில் இருக்கும் மென்திசுவில் வருவது. கையையே எடுத்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். ரேடியம் வைத்தார்கள், ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று மொத்தம் நான்கு அறுவை. நடுவில் பச்சிலை வைத்தியர், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று ஆளாளுக்கு ஒரு மருந்து கொண்டுவந்தார்கள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். ஆசிரமத்தில் தூக்கம் கெட்டவர்கள் பக்தர்கள்தாம். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் காலமானார்.

'பார்த்தாயா, ஞானி ஆபரேஷனே வேண்டாம் என்றார்' என்று சிலர் இதை மேற்கோள் காட்டுவார்கள். முழுக்கதையும் அப்படி இல்லை. நான்கு முறை கத்திக்குக் கையை நீட்டியவர் அவர். மருத்துவரை மறுக்கவில்லை, மருத்துவரிடம் உத்தரவாதம் கேட்கவில்லை. உடம்புக்கு ஆக வேண்டியதை ஆட்கள் செய்யட்டும், எனக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வேறு கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார். பயந்தவரால் செய்ய முடியாத காரியம் இந்தப் பிரிப்பு ஒன்றுதான். மருத்துவரிடம் தோலைக் காட்டப் போகிறவர், 'நான் சாகமாட்டேன் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு வருகிறார். அந்தக் கேள்விக்கு எந்தத் துறையிலும் சிறப்பு மருத்துவர் கிடையாது.

இதே பிரிப்பு குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி. 1977இல் வலது காலின் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் அவருக்கு மெலனோமா கண்டார்கள். கால்பந்து ஆடியபோது பட்ட காயம் ஆறவில்லை என்றுதான் முதலில் எண்ணியிருந்தார். விரலை எடுக்கச் சொன்னார்கள். உடம்பைச் சிதைக்கக் கூடாது என்ற ராஸ்தஃபாரி மத நம்பிக்கையால் மறுத்தார் என்பார்கள், மேடையில் ஆட்டம் போய்விடுமே என்ற கவலையும் இருந்திருக்கும். நகத்தையும் அதன் அடித்தசையையும் மட்டும் அகற்றினார்கள். 1981 மே 11இல், 36 வயதில், மயாமியில் இறந்தார். விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. எழுபதை நெருங்கிய திருவண்ணாமலைத் துறவி கையை எடுக்க வேண்டாம் என்றதும், முப்பத்திரண்டு வயதுப் பாடகர் விரலை எடுக்க வேண்டாம் என்றதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முன்னவரை எதுவும் காப்பாற்றுமா என்பதே சந்தேகமான கட்டம், பின்னவருக்கு வாய்ப்பு ஒன்று கையில் இருந்தது. நம்பிக்கை எந்த இடத்தில் மருத்துவரின் வேலையில் கை வைக்கிறது என்று பார்த்துச் சொல்ல மதத்துக்குள்ளேயே ஆள் வேண்டும். ஃபிரேசர் டவுன் மசூதிகளில் சொல்லப்படும் நபிமொழிக் கதை ஒன்று உண்டு. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்றாராம். மார்லியிடம் அதைச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம்.

மார்லியின் கதையை மருத்துவர்கள் இன்றும் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. நம் நாட்டில் மெலனோமா வருகிறவர்களின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். உள்ளங்காலில் கரும் திட்டு ஒன்று வரும். செருப்பு கடித்தது, முள் குத்தியது, ஆணி என்று பெயர் வைத்து, பிளேடால் சீவி, சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பார்கள். வலிக்காது, அதனால் வேலைக்குப் போவது நிற்காது. கட்டடத்தில் கல் சுமக்கிறவருக்கும் வீடுவீடாகப் பாத்திரம் கழுவுகிறவருக்கும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது? அவர்களிடம் ஏ, பி, சி, டி போய்ச் சேரவில்லை, கூகுளும் போய்ச் சேரவில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். பயம் இருக்கும் மாடிவீட்டில் நோய் அரிது. நோய் இருக்கும் காலில் பயமே இல்லை. இவ்வளவு பயம் ஒரு பக்கம் வீணாகக் கொட்டிக்கிடக்க, சொட்டுப் பயம் தேவைப்படுகிற இடத்தில் அது வராமல் இருப்பது அறவியல் வகுப்பில் விவாதிக்க வேண்டிய விஷயம், தோல் மருத்துவ வகுப்பில் மட்டும் அல்ல.

ஜீவனஹள்ளிக்காரருக்கு மருத்துவர் சொல்லும் திட்டம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். ஒரு முறை முழுசாகத் தோலைக் காட்டுங்கள். அதன்பின் தினம் படமெடுப்பதை நிறுத்துங்கள், மனைவியிடம் அளக்கச் சொல்வதையும். மாதம் ஒரு நாள், குளித்து முடித்ததும், உள்ளங்கால், விரலிடுக்கு, நகம். நகத்தில் நீளவாக்கில் புதிதாக ஒரு கருங்கோடு விழுந்து அகலமானாலோ, காலில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறாமல் கிடந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ வாருங்கள், மரத்துப்போகும் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்துவிடலாம். வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நடுவில் பதற்றம் வந்தால் நிம்ஹான்ஸ் வாசலில் இறங்குங்கள், இங்கே வராதீர்கள்.